கண்ணாடித் தட்டில் வந்த ஆறுதல்

அடுக்களைப் பக்கம்



'கேசரோல்' என்றவுடன் நம் வீட்டுப் பெண்களின் நினைவுக்கு வருவது, இட்லியும் சப்பாத்தியும் சூடு ஆறாதிருக்க வைக்கும் மூடியுள்ள பாத்திரமே. திருமணப் பரிசாக வந்து, பரணில் நான்கைந்து சேர்ந்துவிடும் பொருள் அது. அமெரிக்க நாட்டு இல்லங்களிலோ இச்சொல்லின் பொருள் வேறு. பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், அங்கே பாத்திரத்தையும் குறிக்கும். அப்பாத்திரத்தில் இட்டு ஓவனில் வேகவைத்து, அப்பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவரப்படும் உணவையும் குறிக்கும். அவ்வகை உணவுகளுள் மிக எளியதான கோழிக் கேசரோலைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன். செய்முறைக்கு முன், அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைக் கூற வேண்டும். அதில் என் பிழையும் அடங்கியிருக்கிறது. அதனை மறைத்துவிட்டுச் செய்முறையை மட்டும் தருவது நேர்மையாகாது.

2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் என் சம்பந்தியம்மாள் காலமானார். நாகர்கோவிலுக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, செவிலியர் பயிற்சி முடித்து, 1980களில் அமெரிக்கா சென்றவர் அவர். ஓஹியோ மாநிலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைப் பணியில் இருந்தார். அவருடைய மகள், அதாவது என் மருமகள், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தாயை இழந்து அவள் தளர்ந்து போயிருக்கிறாள் என்று மகன் தொலைபேசியில் கூறியபோது, உடனிருந்து சமைத்துப் போடுவோம் என்றெண்ணி நான் புறப்பட்டேன். சமையல் பக்கம் எழுதுகிறவள் என்னும் சிறு செருக்கும் என்னோடு விமானம் ஏறியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற நாள் முதல் அடுப்பை விட்டு நான் அகலவில்லை. மிளகு ரசம் வைத்தேன். பருப்புத் துவையல் அரைத்தேன். தேங்காய் அரைத்து மீன் குழம்பும் செய்தேன். மருமகள் மேசையில் வந்து அமர்வாள். இரண்டு கவளம் உண்பாள். "நன்றாயிருக்கிறது, அத்தை" என்று கூறி எழுந்துவிடுவாள். பத்து நாட்கள் இவ்வாறு கழிந்தன. அவள் முகம் வற்றிக்கொண்டே வந்தது.

ஓர் இரவு, என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று நானே கேட்டேன். சற்றுத் தயங்கி, "அம்மா செய்யும் கோழிக் கேசரோல் வேண்டும்போல் இருக்கிறது, அத்தை" என்றாள்.

அதற்கு வேண்டியவற்றை மறுநாள் மகன் கடையிலிருந்து வாங்கி வந்து வைத்தான். பார்த்ததும் எனக்குச் சப்பென்றாயிற்று. காய்ந்த ரொட்டித் துண்டுகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று. தகர டப்பாவில் அடைத்த கோழி சூப் ஒன்று. குளிரில் உறைந்த காய்கறிப் பொதி ஒன்று. பெட்டியைப் பிரித்துக் கொட்டி, டப்பாவைத் திறந்து ஊற்றுவதற்குப் பெயர் சமையலா? பெற்ற பிள்ளையை இதைக் கொடுத்தா வளர்த்தார் என்று, மறைந்த அந்த அம்மையாரைக் குறித்து என் மனம் ஒரு கணம் குறை பேசியது. வாய்விட்டுக் கூறவில்லை. ஆனால் கை அதைச் செய்துவிட்டது. இஞ்சியும் பூண்டும் அரைத்துச் சேர்த்தேன். பச்சை மிளகாய் கீறிப் போட்டேன். கரம் மசாலாவும் கொத்துமல்லித் தழையும் தூவினேன். வீடெங்கும் நம் ஊர் மணம் கமழ்ந்தது.

அவள் இரண்டு கரண்டி உண்டாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நன்றாயிருக்கிறது, அத்தை" என்றாள்.

ரசத்துக்குச் சொன்ன அதே சொல். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாத்திரங்களைத் துலக்கும்போது அவளாகவே பேசத் தொடங்கினாள். தாயாருக்குப் பல ஆண்டுகள் இரவுப் பணி. மாலை 7 மணிக்குத் தொடங்கி, காலை 7 மணிக்கு முடியும். பகலில் உறங்கி, 4 மணி அளவில் எழுவார். குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்து நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவர்களுடைய பாடத்தைப் பார்த்து, மறுநாள் உடுப்பை எடுத்து வைத்து, சூடான இராச்சாப்பாடும் ஆக்கிவிட்டு அவர் புறப்பட வேண்டும். வாரத்தில் ஒருநாளேனும் இந்தக் கேசரோல்தான். குழந்தைகள் மேசையில் அமர்ந்து உண்ண, அவர் பணிச் சீருடையோடு நின்றபடியே தம் பங்கை உண்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பும் அவர் வைத்ததுண்டு. "ஆனாலும், அத்தை, அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மணந்தான்" என்றாள்.

நான் சோம்பலின் அடையாளமாகக் கண்ட அட்டைப்பெட்டி, ஒரு தாய் தனக்கு வாய்த்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குச் சூடாகக் கொடுக்க முடிந்த ஒன்று. அதை அறியாமல் ஓர் இறந்த பெண்ணைக் குறை கூறிய என் மனத்தை நினைத்து வெட்கினேன்.

மறுநாள் அடுத்த வீட்டு முதியவளிடம் சென்று, முறையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள்கூடச் சேர்க்காமல், அந்நாட்டார் செய்வதுபோலவே செய்தேன். மருமகள் ஒரு தட்டு உண்டாள். மீண்டும் கேட்டு வாங்கி உண்டாள். உண்ணும்போதே அழுதாள். நான் தடுக்கவில்லை.

நிற்க. மனம் நொந்திருக்கும்போது நாடும் இத்தகைய உணவை ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட் ஃபுட்' என்பர். ஆறுதல் உணவு என்று நாம் கூறலாம். பெரும்பாலும் அது இளமையில் உண்டதாகவும், மென்மையானதாகவும், சூடானதாகவும் இருக்கும். நமக்குக் குழைந்த பருப்புச் சோறும், நோயில் கிடந்தபோது தாய் ஊட்டிய கஞ்சியும் எப்படியோ அப்படி. இவ்வுணவுக்கு உண்மையில் ஆற்றல் உண்டா என்று அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட முடிவுகள் இரண்டு, முதற்பார்வைக்கு முரணானவையாகத் தோன்றும்.

நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ பல்கலைக்கழகத்தின் உளவியலார் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஆறுதல் உணவு நமக்கு நெருங்கியவர்களை நினைவூட்டுகிறது என்றும், அன்பான உறவுகளில் உறுதியான பற்று உடையவர்களுக்குத் தனிமையுணர்வைக் குறைக்கிறது என்றும் கண்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் கூறியது. துயரமான திரைப்படக் காட்சிகளைக் காட்டி மனத்தை வாடச் செய்தபின், சிலருக்கு அவர்கள் விரும்பும் ஆறுதல் உணவைக் கொடுத்தனர். சிலருக்கு வேறு உணவைக் கொடுத்தனர். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சிறிது நேரத்தில் எல்லாருடைய மனமும் ஒரே அளவில் தேறியதாம்!

இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று விளங்குகிறது. வெண்ணெயிலும் ரொட்டியிலும் மருந்து ஏதும் இல்லை. அதை நமக்கு ஆக்கிப் போட்ட மனிதரின் நினைவிலேதான் ஆறுதல் இருக்கிறது. ஆகவே ஒருவருக்கு ஆறுதல் உணவு சமைக்க வேண்டுமாயின், நம் கைத்திறனைக் காட்டும் எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, "உங்களுக்கு யார் என்ன ஆக்கிப் போட்டார்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். பத்து நாட்கள் நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

இனி, அந்த அட்டைப்பெட்டியின் வரலாற்றைச் சிறிது காண்போம். நாம் கொழுக்கட்டைக்குள் வைப்பதைப் பூரணம் என்கிறோம். அமெரிக்கர்கள் வான்கோழியின் வயிற்றுக்குள் வைக்கும் பூரணத்துக்கு ஸ்டஃபிங் என்று பெயர். காய்ந்த ரொட்டித் துண்டுகளோடு வெங்காயம், செலரித் தண்டு, வெண்ணெய், சேஜ், தைம் முதலிய மணத்தழைகள் சேர்த்துப் பிசைந்து அதைச் செய்வர். நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழனன்று அங்கே நன்றியறிதல் திருநாள். அந்நாளின் தேதியை 1941-இல் சட்டத்தால் உறுதி செய்தனர். வான்கோழியும் ஸ்டஃபிங்கும் அன்றைய விருந்தின் உயிர். வேலை மிகுந்ததாகையால், மற்ற நாட்களில் அதைச் செய்வார் அரிது.

1972-இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம், அடுப்பின்மேல் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய ஸ்டஃபிங் கலவையை 'ஸ்டவ் டாப்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ரூத் சீம்ஸ் என்னும் பெண்மணி. இந்தியானா மாநிலத்தில் 1931-இல் பிறந்து, பர்டூ பல்கலைக்கழகத்தில் மனையியல் பயின்று 1953-இல் பட்டம் பெற்றவர். அவர் கண்ட நுட்பம், ரொட்டித் துண்டின் அளவைப் பற்றியது. மிகச் சிறிதாயின் வெந்நீர் பட்டதும் கூழாகிவிடும். மிகப் பெரிதாயின் உள்ளே நீர் ஊறாமல் கட்டையாய் நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான அளவைக் கண்டறிந்து, 1975-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் காப்புரிமை பெற்றனர். அவர் 2005-இல் காலமானார். அவர் பெயரை அறியாமலே கோடிக்கணக்கான வீடுகளில் அப்பெட்டியைப் பிரித்திருக்கின்றனர்.

டப்பா சூப்புக்கு வயது இன்னும் அதிகம். 1897-இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் வேதியியலாரான ஜான் டாரன்ஸ், சூப்பிலிருந்து நீரைப் பெருமளவு குறைத்துச் செறிவாக அடைக்கும் வழியைக் கண்டார். வாங்குவோர் வீட்டில் நீர் ஊற்றிக்கொள்ளலாம் என்பதால் டப்பா சிறிதாயிற்று, விலையும் குறைந்தது. பிற்காலத்தில் அமெரிக்கப் பெண்கள் அதை நீர் கலக்காமலே கெட்டியான குழம்பாகப் பயன்படுத்தத் தொடங்கினர். 1955-இல் அந்நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பணிபுரிந்த டார்கஸ் ரெய்லி என்பவர், காளான் சூப்பையும் பீன்ஸையும் சேர்த்து உருவாக்கிய கேசரோல், இன்றும் நன்றியறிதல் திருநாள் மேசைகளில் இடம்பெறுகிறது.

கண்ணாடித் தட்டின் கதையிலும் ஒரு பெண்ணின் கை உண்டு. 1913-இல் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையின் விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டன், சூடு தாங்கும் கண்ணாடியாலான மின்கலச் சாடி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். நன்றாக வெந்தது. அதன் பயனாக 1915-இல் 'பைரக்ஸ்' பாத்திரங்கள் கடைக்கு வந்தன. உணவை அடுப்பிலிருந்து எடுத்து, மாற்றாமல் அதே தட்டோடு மேசைக்கோ அடுத்த வீட்டுக்கோ கொண்டு செல்லும் வழக்கம் பரவ இவை பெரிதும் துணை செய்தன.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆறு பேர் உண்ணலாம்.

தேவையான பொருள்கள்:

எலும்பு நீக்கிய கோழி இறைச்சி 700 கிராம். ஸ்டஃபிங் கலவைப் பெட்டி ஒன்று (சுமார் 170 கிராம்). செறிவான கோழி சூப் டப்பா ஒன்று (சுமார் 300 கிராம்). புளித்த பாலேடு அல்லது நீர் வடித்த கெட்டித் தயிர் அரைக் கிண்ணம். கேரட், பட்டாணி, பீன்ஸ் கலந்து 300 கிராம். வெண்ணெய் 4 மேசைக்கரண்டி. மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி.

செய்முறை:

1. கோழியை, அது மூழ்குமளவு நீர் விட்டு, சிறு தீயில் வேகவிடவும். வெந்ததும் எடுத்து ஆறவைத்து, நார் நாராகப் பிய்த்துக்கொள்ளவும். வெந்த நீரை ஊற்றிவிடலாகாது. அதுவே நமக்கு வேண்டிய சாறு.

2. சூப், தயிர், மிளகுத்தூள் ஆகியவற்றை அகன்ற பாத்திரத்தில் கட்டியின்றிக் கலக்கவும். கோழியையும் காய்கறியையும் சேர்த்துப் பிரட்டவும். உப்புச் சேர்க்க வேண்டாம். டப்பாவிலும் பெட்டியிலும் வேண்டிய உப்பு முன்பே உண்டு.

3. ஓவனுக்கான, 13 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் உள்ள தட்டில் வெண்ணெய் தடவி, இக்கலவையைப் பரப்பவும்.

4. கோழி வெந்த சாறு ஒன்றரைக் கிண்ணத்தை வெண்ணெயோடு கொதிக்கவைத்து இறக்கவும். ஸ்டஃபிங் கலவையை அதில் கொட்டி, ஒருமுறை கிளறி, மூடி 5 நிமிடம் வைக்கவும். பிறகு முள்கரண்டியால் உதிர்த்து, கோழியின்மேல் சீராகப் பரப்பவும். அழுத்தலாகாது.

5. முன்னரே சூடேற்றிய ஓவனில், 190 பாகை செல்சியஸில் (375 பாகை பாரன்ஹீட்) 30 முதல் 35 நிமிடம் வைக்கவும். ஓரங்களில் குழம்பு கொதித்து எழவேண்டும். மேற்பரப்பு பொன்னிறமாக வேண்டும். நடுப்பகுதியின் வெப்பம் 74 பாகை செல்சியஸை (165 பாகை பாரன்ஹீட்) எட்டியிருப்பது பாதுகாப்பு. எடுத்தபின் 10 நிமிடம் பொறுத்துப் பரிமாறினால், குழம்பு இறுகி, துண்டு குலையாமல் வரும்.

முதல்நாள் இரவே கோழிக் கலவையைத் தட்டில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் ரொட்டிப் பூரணத்தை ஓவனில் வைக்குமுன்தான் மேலே பரப்ப வேண்டும்; இல்லையேல் ஈரம் ஏறிக் களியாகிவிடும். குளிர்ந்த கண்ணாடித் தட்டைச் சூடான ஓவனில் உடனே வைத்தால் அது வெடிக்கக்கூடும். சற்று நேரம் வெளியில் வைத்துக் குளிர் நீங்கியபின் வைக்கவும். மீந்த உணவை 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் நன்கு சூடாக்கி உண்டுவிட வேண்டும்.

பெட்டியும் டப்பாவும் வேண்டாம் என்போர், அல்லது அவை கிடைக்காத ஊரில் இருப்போர், இரண்டையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது. உப்பின் அளவு நம் கையில் இருக்கும்.

சூப்புக்கு மாற்றாக: 4 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, 4 மேசைக்கரண்டி மைதாவைச் சேர்த்து, நிறம் மாறாமல் 2 நிமிடம் வறுக்கவும். கோழிச் சாறு ஒரு கிண்ணமும், பால் ஒரு கிண்ணமும் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளறவும். கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் அளவாக உப்பிட்டு இறக்கவும்.

ஸ்டஃபிங்குக்கு மாற்றாக: இனிப்பில்லாத ரொட்டி 250 கிராம் எடுத்து, அரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஓர் இரவு முழுதும் தட்டில் பரப்பிக் காயவிடவும். வெங்காயம் ஒன்றையும் செலரித் தண்டு இரண்டையும் பொடியாக அரிந்து, 5 மேசைக்கரண்டி வெண்ணெயில் வதக்கவும். காய்ந்த சேஜ் ஒரு தேக்கரண்டி, தைம் அரைத் தேக்கரண்டி, மிளகு, உப்புச் சேர்த்து, ரொட்டியைப் போட்டுப் பிரட்டி, சூடான சாறு ஒரு கிண்ணத்தைத் தெளிக்கவும். ரொட்டி ஈரமாக வேண்டும், நனைந்து தொங்கலாகாது.

நம் ஊரில் சேஜ் கிடைக்காவிடில், தோட்டத்துக் கற்பூரவள்ளி இலை இரண்டைப் பொடியாக அரிந்து சேர்க்கலாம். தைமுக்கு மாற்றாகச் சிட்டிகை ஓமத்தை நுணுக்கிப் போடலாம். இரண்டுக்கும் மணம் தருவது தைமால் என்னும் ஒரே பொருள். ஓவன் இல்லாதவர்கள், கேக் சுடுவதுபோல், பிரஷர் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, வளையமும் வெயிட்டும் போடாமல் மூடி 10 நிமிடம் சூடேற்றி, உள்ளே தாங்கியின்மேல் அலுமினியப் பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் 40 நிமிடம் வேகவைக்கலாம். பாத்திரம் குக்கருக்குள் அடங்க வேண்டுமாகையால், எல்லாவற்றையும் பாதியளவாகக் குறைத்துக்கொள்க. கண்ணாடித் தட்டை இம்முறைக்குப் பயன்படுத்தாதீர்கள். மேற்பரப்பு சிவக்காது, ஆகையால் ரொட்டித் துண்டுகளை முன்னரே வாணலியில் வெண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்துக்கொள்க.

காரம் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டாருக்கெனில் விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளுங்கள், கெட்டுப் போகாது. ஆனால் இதை உண்டு வளர்ந்த ஒருவருக்காகச் செய்கிறீர்கள் எனில், என் அனுபவத்தை நினைத்துக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கேசரோல் அந்நாட்டில் மற்றவர் இல்லத்துக்குக் கொண்டுசெல்லும் உணவாகவும் விளங்குகிறது. என் சம்பந்தியம்மாளின் கண்ணாடித் தட்டை மகன் எடுத்து வந்திருந்தான். அதைக் கழுவும்போது, அடியில் மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருக்கக் கண்டேன். அதில் அவருடைய பெயர் மையால் எழுதியிருந்தது. பலமுறை கழுவியதில் பாதி அழிந்திருந்தது. வெளியே செல்லும் தட்டில் அன்றோ பெயர் எழுத வேண்டும்? பிள்ளை பெற்றவள் வீடு, அறுவைச் சிகிச்சை முடிந்தவர் வீடு, துக்கம் நேர்ந்த வீடு என்று அந்தத் தட்டு எத்தனையோ வாயில்களுக்குச் சென்று திரும்பியிருந்தது. தம் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண நேரமில்லாதவர், பிறர் வீட்டுக்கும் சேர்த்தே ஆக்கியிருக்கிறார்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதும், அக்கம்பக்கத்தார் உணவு கொண்டுசெல்வதும் நமக்கும் புதியன அல்ல. ஆனால் சடங்குகள் முடிந்து உறவினர் கலைந்தபின், அவ்வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. அங்கே அடுத்த வீட்டு முதியவள் எனக்கு ஒன்று கூறினாள். முதல் வாரத்தில் எல்லாரும் கொண்டுவருவர். குளிர்பதனப் பெட்டியில் இடம் இராது. ஆகவே தான் மூன்றாம் வாரத்தில்தான் கொண்டுசெல்வாளாம். இதை நாமும் பின்பற்றலாம்.

கொண்டுசெல்லும்போது சிலவற்றை மனத்தில் கொள்க. திருப்பித் தர வேண்டிய பாத்திரத்தைத் தவிர்த்து, மெல்லிய அலுமினியத் தட்டில் கொண்டுசெல்லுங்கள். துயரில் இருப்பவருக்கு அதைக் கழுவித் தரும் கடன் வேண்டாம். என்னென்ன சேர்ந்துள்ளன, எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும் என்பதைச் சிறு தாளில் எழுதி ஒட்டுங்கள். பாலும் கோதுமையும் ஒவ்வாதவர் உண்டு. வாயிலில் நின்று நலம் கேட்டு, அழைத்தால் ஒழிய உள்ளே செல்லாமல் திரும்பிவிடுங்கள். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று கூறிச் செல்வதைவிட, "வியாழன் மாலை உணவு கொண்டுவருகிறேன்" என்று கூறுவது நன்று. சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம், மருமகளோடு பணிபுரியும் ஒருத்தி மருத்துவமனையிலிருந்து குழந்தையோடு வீடு வந்தாள். அன்று மாலை மருமகளே இரண்டு கேசரோல் செய்தாள். ஒன்றை அலுமினியத் தட்டில் பரப்பினாள். மற்றதைத் தாயாரின் கண்ணாடித் தட்டில் எங்களுக்கென வைத்தாள். அடியிலிருந்த பிளாஸ்திரியை உரித்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். "இருக்கட்டும், அத்தை" என்றாள். அன்று மூவரும் அமர்ந்து உண்டோம். என் தட்டில் மட்டும் சிறிது எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் வந்தபின் அவள் சிரித்தது அதுவே முதல் தடவை.

உங்கள் தெருவில், மூன்றாம் வாரத்தில் இருக்கும் வீடு எது என்று இம்மாதம் எண்ணிப் பாருங்கள். கேசரோல்தான் வேண்டும் என்பதில்லை. அவ்வீட்டாருக்கு எது பழகிய உணவோ, அதையே கேட்டறிந்து கொண்டுசெல்லுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.